இருபத்து மூன்றாவது எண்ணெய்

2047-ஆம் ஆண்டு பிப்ரவரி 19-ஆம் தேதி, கோவை குறிச்சியில், பம்ப் ஷாஃப்ட் கடையும் ஒரு பட்டறையின் தரச் சோதனை அறையில் வேலை பார்க்கும் சுகந்தி என்ற ஐம்பத்திரண்டு வயதுப் பெண்ணின் மூச்சுப்பட்டை நூற்றிரண்டு என்று காட்டியது. ஓர் ஆயுளுக்கான வரம்பு நூறு. அதைத் தொட்டால் வேலை அனுமதி அட்டை மூடப்படும்.

அந்த எண்ணை முதலில் பார்த்தவர் ஃபரீதா. காற்றளவு ஆய்வகத்தில் அவருக்குப் பதினேழு வருட வேலை. குறிச்சிப் பகுதி அவர் கைக்கு மாறி ஒன்றரை மாதம்தான் ஆகியிருந்தது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை பட்டறை பட்டறையாகப் போய், ஆட்களின் காலரில் குத்தியிருக்கும் நகத்தளவுப் பட்டைகளைக் கழற்றி, கையோடு கொண்டுபோகும் பெட்டியில் ஒவ்வொன்றாகச் செருகிப் படிக்க வேண்டும். இரும்பைக் கடையும்போது சூடாகாமல் இருக்க ஊற்றுகிற எண்ணெய் புகைபோலக் கிளம்பும். கண்ணுக்குத் தெரியாத அந்தத் துளிகளில் எவ்வளவு ஒருவர் மூச்சோடு உள்ளே போயிற்று என்பதைப் பட்டை சொல்லும்.

அன்று அந்தப் பட்டறையில் நாற்பத்திரண்டு பட்டைகள். நாற்பத்தொன்றில் குறை இல்லை. அதிகபட்சம் அறுபத்தெட்டு. இரும்பைக் கடையும் லேத்துகளெல்லாம் கண்ணாடிக் கதவு போட்டு மூடியவை. கூரையோரம் புகை உறிஞ்சும் குழாய்கள் ஓடின. ஃபரீதா பார்த்த பட்டறைகளில் இது ஒழுங்கானது என்றே சொல்ல வேண்டும்.

"பெட்டியில ஏதோ கோளாறுங்க மேடம்" என்றார் உரிமையாளர் ஜெயபிரகாஷ். "போன தடவை தொண்ணூத்தொம்போது காட்டுச்சு. வந்திருந்த சாரும் கருவிப் பிழைன்னு எழுதிட்டுத்தான் போனாரு. அது ஏசி ரூமுங்க. மைக்ரோமீட்டர் வெச்சு அளக்கற எடம். லேத்துல நிக்கறவன் நாப்பதுல இருக்கறான், கண்ணாடி ரூமுக்குள்ள உக்காந்திருக்கற அம்மா நூத்தி ரெண்டுன்னா யாரு நம்புவாங்க?"

"பெட்டி கெட்டுப்போனா எண் தப்பா வரும். எந்த எண்ணெய்ங்கறதுமா தப்பா வரும்?" என்றபடி ஃபரீதா திரையை அவர் பக்கம் திருப்பினார்.

2041-இல் சட்டம் வந்ததிலிருந்து எந்த இயந்திரத்துக்கும் முத்திரை இல்லாத எண்ணெய் ஊற்றக் கூடாது. ஒவ்வொரு இயந்திரத்தின் எண்ணெயிலும் அதற்கே உரிய ஒரு துளி மருந்து கலந்திருக்கும். பட்டைக்கு அது தெரியும்.

"எண்ணெய்க்கெல்லாம் ஆதார் குடுத்து வெச்சிருக்காங்க" என்றார் பக்கத்தில் டீ டம்ளரோடு நின்றிருந்த மகுடேஸ்வரன். பதினோராம் எண் இயந்திரத்தை ஓட்டுபவர். தொழிலாளர் தரப்பில் ஒருவர் உடனிருக்க வேண்டும் என்ற விதிப்படி வந்திருந்தார். "நமக்குத்தான் ரேஷன் கார்டுல பேர் சேக்க ஆறு மாசம் அலைய வேண்டியிருக்குது."

திரையில் கோடு கோடாக முத்திரைகள். ஒன்றிலிருந்து இருபத்திரண்டு வரை எல்லாம் கிட்டத்தட்ட ஒரே உயரம்.

"இவங்க எல்லா மெஷினோட எண்ணெயையும் சுவாசிச்சிருக்காங்க. தினமும். ஏறக்குறைய சம அளவுல." ஃபரீதா விரலைத் திரையின் ஓரத்துக்குக் கொண்டுபோனார். "உங்ககிட்ட எத்தனை மெஷின்?"

"இருபத்திரெண்டுங்க."

"இதுல இருபத்து மூணு எண்ணெய் இருக்கு."

கடைசிக் கோடு மற்றவற்றைவிடப் பல மடங்கு உயர்ந்திருந்தது. ஜெயபிரகாஷ் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுக் குனிந்து பார்த்தார். மகுடேஸ்வரன் மிச்ச டீயை ஒரே மடக்கில் குடித்துவிட்டு, டம்ளரைக் கழுவி வருவதாகச் சொல்லிப் போனார்.

"அவங்க அட்டைய மூடிருவாங்களா மேடம்?" என்று கேட்டார் ஜெயபிரகாஷ்.

"பதினஞ்சு நாள் இருக்கு. அதுக்குள்ள எங்கிருந்து வந்துச்சுன்னு நான் எழுதணும். கழிக்க முடிஞ்சது ஏதாவது இருந்தா கழிக்கலாம். இல்லைன்னா மூடிரும்."

"மூடிட்டா?"

"எண்ணெய் ஓடற எந்தக் கூரைக்குக் கீழயும் அவங்க வேலைக்கு நிக்க முடியாது. வாசல்ல கேட் திறந்துவிடக்கூட முடியாது."

சட்டம் நல்லதற்குத்தான் வந்தது. ஃபரீதாவுக்கு அதில் சந்தேகம் இருந்ததில்லை. இருமி இருமி ஐம்பது வயதில் படுத்துவிட்டவர்களை அவர் நிறையப் பார்த்திருந்தார். ஆனால் எண் ஒன்று கையில் கிடைத்ததும் ஊர் அதை வேறு எதற்கெல்லாமோ எடுத்துக்கொண்டது. ஆள் எடுக்கும்போது முதலில் அட்டையைக் கேட்டார்கள். மாப்பிள்ளை பார்க்கப் போகிற இடத்தில் ஜாதகத்தோடு மூச்செண்ணும் வந்தது. சட்டம் வந்த புதிதில் பட்டையைக் கழற்றி டிபன் டப்பாவுக்குள் மூடி வைத்தார்கள். பிறகு மூச்சின் சூடு படாவிட்டால் காட்டிக்கொடுக்கும் பட்டை வந்தது. காலையில் வீட்டில் குத்தினால் மாலையில் வீட்டில்தான் கழற்ற வேண்டும் என்று ஆயிற்று.

கண்ணாடி அறைக்குள் சுகந்தி ஒரு ஷாஃப்ட்டை வெள்ளைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தார். நிமிரவில்லை.

"உக்காருங்க மேடம். இந்த லாட்டை முடிச்சர்றேன். பாதியில விட்டா மறுபடி மொதல்ல இருந்து வரணும்."

ஃபரீதா உட்கார்ந்தார். மைக்ரோமீட்டரின் திருகைச் சுகந்தி மூன்று விரலால் தொட்டுத் திருப்புவதைப் பார்த்தார். இறுக்கவும் இல்லை, தளர்த்தவும் இல்லை. எண்ணைக் குறித்துவிட்டு அடுத்ததை எடுத்தார். பதினெட்டு ஷாஃப்ட்டும் முடிந்தபின் கையுறையைக் கழற்றினார்.

"நூறைத் தாண்டிருச்சுங்களா?"

"யார் சொன்னாங்க?"

"நானும் அளக்கறவதானுங்களே. ஒரு மாசத்துக்கு ஒரு புள்ளின்னு ஏறிட்டிருந்தது. போன தடவை ஒண்ணு கம்மியா இருந்தது." சொல்லிவிட்டுச் சிரித்தார். "இருபத்தேழு வருஷமா இங்கதானுங்க இருக்கறேன். மொத இருபது வருஷம் லேத்துல. அப்பெல்லாம் கதவே கிடையாது. மூஞ்சிலயே அடிக்கும். சட்டம் வந்தப்ப எக்ஸ்ரே எடுத்து, நாப்பத்தஞ்சுன்னு ஆரம்பத்துலயே போட்டுட்டாங்க."

"அதுக்கப்பறம் இந்த ரூம்ல இருந்துட்டு ஐம்பத்தேழு எப்படி ஏறுச்சு?"

"அஞ்சேகாலுக்கு இருந்து பாருங்க மேடம். சொன்னாச் சரியா வராது."

ஐந்தேகாலுக்கு மணி அடித்ததும் ஆட்கள் வாசலுக்குப் போகவில்லை. கம்ப்ரஸர் அறைக்குப் பின்னால், மதிலுக்கும் சுவருக்கும் நடுவே இருந்த சந்தில் வரிசையாக நின்றார்கள். சுவரில் ஒரு கொக்கி. அதில் சுருட்டி மாட்டிய ரப்பர் குழாய். குழாயின் நுனியில் ஏர் கன். இரும்புப் பிசிறை ஊதித் தள்ள எல்லாப் பட்டறையிலும் இருப்பதுதான். சுகந்தி ஈரத் துண்டை மூக்கில் கட்டிக்கொண்டு, காற்றின் வேகத்தைத் திருகிக் குறைத்துவிட்டு, "வா கண்ணு" என்றார்.

முதல் ஆள் சுவரைப் பார்த்து நின்று இரண்டு கையையும் விரித்தார். கழுத்தில் தொடங்கி, தோள், முதுகு, இடுப்பு, முழங்கால் மடிப்பு வரை காற்று ஒரு சீராக இறங்கியது. சட்டையின் நிறமே சற்று வெளுத்ததுபோல் இருந்தது. இருபது விநாடி. "போலாம்." அடுத்த ஆள்.

"அக்கா, எனக்கு முடியையும் ஒரு தட்டுத் தட்டுங்க. வீட்ல தலகாணி உறை நாறுதாம்."

"இருக்கற நாலு முடியும் பறந்துரும். தேவையா உனக்கு?"

ஃபரீதாவின் கையிலிருந்த அளவுமானி மெல்லச் சத்தமிட்டது. பிறகு நிறுத்தாமல் சத்தமிட்டது. பட்டறைக்குள் நாள் முழுக்கக் காற்றில் இருந்ததைவிட அந்தச் சந்தில் பதினெட்டு மடங்கு எண்ணெய் இருந்தது. ஒவ்வொருவர் சட்டையிலும் எட்டு மணி நேரம் ஊறியிருந்தது வெளியே வந்து, ஓர் ஆள் உயரத்தில், சுகந்தியின் முகத்துக்கு நேராக நின்றது.

"இதை எப்ப ஆரம்பிச்சாங்க?" என்று ஃபரீதா கேட்டார்.

ஊதி முடித்துத் தள்ளி வந்திருந்த மகுடேஸ்வரன் சட்டைக் கையை இறக்கிப் பொத்தான் போட்டுக்கொண்டார்.

"அஞ்சு வருஷத்துக்கு மேல ஆச்சுங்க. என்ற பொண்ணுக்கு அப்ப ரெண்டு வயசு. ஓயாத இழுப்பு. பெரியாஸ்பத்திரியில சளியை எடுத்துப் பாத்தாங்க. டாக்டரம்மா என்னையக் கூப்பிட்டு, பதினோராம் நம்பர் மெஷின்ல வேலை பாக்கறது யாருன்னு கேட்டாங்க." அவர் காலரைத் தடவிக்கொண்டார். "நான் வீட்டுக்குப் போய் வண்டிய நிறுத்தறதுக்குள்ள ஓடி வந்து முதுகுல ஏறிக்குவா மேடம். அது அவளுக்கு ஒரு விளையாட்டு."

"இங்க சட்டை மாத்த இடம் இல்லையா?"

"இல்லீங்க. அடுத்த நாள் நானே ஏர் கன்னை எடுத்து ஊதிப் பாத்தேன். முன்னாடி சரியா வந்துச்சு. சுகந்தியக்கா பாத்துட்டே இருந்துட்டு, உன்ற கை உன்ற முதுகுக்கு எட்டாது, திரும்பு அப்படின்னாங்க. அவங்க வேலைதான் பத்து நிமிஷம் முன்னாடி முடியும். கடைசி ஷாஃப்ட்டை நாங்க குடுத்துட்டா மெஷினைத் துடைக்கணும், அவங்களுக்கு அது இல்ல. மறுநாள் இன்னும் ரெண்டு பேர் வந்து நின்னாங்க. அப்பறம் எல்லாரும்."

வரிசை தீர்ந்தது. சுகந்தி குழாயைச் சுருட்டவில்லை. கையிலேயே வைத்துக்கொண்டு நின்றார். எதிர்ப்பட்டறையின் வெளிர்நீலச் சீருடையில் ஒருவர் தெருவைத் தாண்டி வாசல் வரை வந்தார். ஆய்வக மேலங்கியோடு நின்ற ஃபரீதாவைப் பார்த்தார். போனை எடுத்து எதையோ தேடுவதுபோல் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு, வந்த வழியே திரும்பினார்.

"அக்கா, கடைசி டோக்கன் திரும்பிப் போகுதுங்க" என்றார் மகுடேஸ்வரன்.

"வாயை மூடிட்டு வண்டிய எடு."

கண்ணாடி அறைக்குத் திரும்பியதும் ஃபரீதா பெட்டியை மேசைமேல் வைத்து ஒரே ஒரு நாளின் பதிவைத் திறந்தார். சின்னச் சின்னப் படிகளாக இருபத்திரண்டு முத்திரைகளும் ஏறின. கடைசியில் ஒரு மேடு.

"மத்தவங்களுக்கு இருபது விநாடி. இந்த ஒரு எண்ணெய்க்கு மட்டும் நாலு நிமிஷம்."

சுகந்தி திரையையே பார்த்தார். "அவரு சட்டை கொஞ்சம் தடிப்புங்க."

ஃபரீதா சிரிக்காமல் இருக்கப் பார்த்தார். முடியவில்லை. சுகந்திக்கும் முடியவில்லை. துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு தோள் குலுங்கச் சிரித்துவிட்டு, அதே துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"பேரு பூபதிங்க. எதிர்ல அஞ்சாம் நம்பர் லேத்து. சம்சாரம் தவறி ஒம்போது வருஷமாச்சு. அவங்க பட்டறையில இதெல்லாம் யாரும் பண்றதில்ல. எங்க வரிசையைப் பாத்துட்டு, நானும் நிக்கலாமான்னு கேட்டாரு. வேண்டாம்னா சொல்ல முடியும்?"

"முத்திரையை வெச்சு இயந்திரம் எதுன்னு பாத்துட்டேன். பேரைக் கேக்கணும்னு இல்லை." ஃபரீதா குரலைத் தாழ்த்தினார். "இப்ப நான் சொல்றதைக் கவனமாக் கேளுங்க. உங்க எண்ணுல கழிக்க முடிஞ்சது அது ஒண்ணுதான். சலவைக்காரங்களுக்காகன்னு சட்டத்துல ஒரு பிரிவு இருக்கு. வேற பட்டறை எண்ணெய் ஒருத்தர் துணியோட வந்து உங்க மூச்சுல ஏறினா, அது அந்தத் துணியைப் போட்டவரோட எண்ணுல சேரணும். அவர் கையெழுத்துப் போட்டா உங்ககிட்ட இருந்து இறக்கி அவர்மேல ஏத்திடலாம்."

"எங்க ஆளுங்களோடது?"

"ஒரே கூரைக்குள்ள மாத்த முடியாது. விட்டா முதலாளிங்க இஷ்டத்துக்கு ஆள் மாத்தி ஆள்மேல ஏத்திடுவாங்கன்னு அப்படி வெச்சிருக்காங்க."

"அவரோடது எவ்வளவுங்க?"

"ஒன்பது."

"நூத்தி ரெண்டுல ஒம்போது போனா தொண்ணூத்தி மூணு." சுகந்தி மேசையில் விரலால் எழுதுவதுபோல் கோடு போட்டார். "அவருக்கு இப்பவே தொண்ணூத்தொண்ணு மேடம். தீபாவளி கழிஞ்சு எடுத்தப்ப சொன்னாரு. அதுக்கப்பறம் ஏறவே இல்லைன்னாலும் கூட்டினா நூறு."

ஃபரீதா பெட்டியை மூடினார்.

"வேண்டாங்க. நான் வீட்ல உக்காந்துக்கறேன்."

"உக்காந்து?"

"தெரியலீங்க." சுகந்தி துண்டை நான்காக மடித்தார். "பொண்ணு ஓசூர்ல குடும்பமா இருக்கறா. வாரம் ஒருக்கா கூப்பிடுவா. மத்தபடிக்கு அந்த வீட்ல என்ற பேரைச் சொல்லிக் கூப்பிடறதுக்கு யாரும் இல்லைங்க. இங்க வந்தாத்தான் சுகந்தியக்கா, சுகந்தியக்கான்னு ஒரு நாளைக்கு நூறு தடவை கேக்குது. அது இல்லாம எப்படி இருக்கறதுன்னு எனக்குத் தெரியாது. இருந்தாலும் அவருகிட்டப் போகாதீங்க மேடம்."

"அந்த முத்திரை எங்கிருந்து வருதுன்னு நேர்ல பாக்காம நான் அறிக்கை போட முடியாது. பாத்துட்டு வந்துடறேன். எண்ணைப் பத்தி ஒண்ணும் பேசமாட்டேன்."

ஃபரீதா அதை மனதாரத்தான் சொன்னார்.

மறுநாள் மதியம் அவர் எதிர்ப்பட்டறைக்குப் போனார். ஐந்தாம் எண் லேத்தின் எண்ணெயில் ஒரு சொட்டு எடுத்து முத்திரையைச் சரிபார்த்தார். சரியாக இருந்தது. வெளியே வரும்போதுதான் வாசலுக்குப் பக்கத்தில் அதைப் பார்த்தார். ஓர் ஆள் நிற்கும் அளவு கண்ணாடிக் கூண்டு. உள்ளே போய் நின்றால் நாலா பக்கமும் இருந்து காற்று வந்து சட்டையிலுள்ள எண்ணெயை உறிஞ்சி எடுத்துவிடும். பெரிய தொழிற்சாலைகளில் பார்த்திருக்கிறார், குறிச்சியில் பார்த்ததில்லை. கதவில் ஒட்டியிருந்த தகட்டில் பொருத்திய தேதி இருந்தது. 2045 ஜனவரி.

கூண்டின் பக்கவாட்டில் இருந்த சிறு திரையில் அவர் ஆய்வக எண்ணைத் தட்டினார். யார் யார் எத்தனை முறை உள்ளே போனார்கள் என்ற பட்டியல் வந்தது. எல்லாருக்கும் ஐந்நூறு, அறுநூறு. ஐந்தாம் எண் லேத்துக்காரருக்கு ஒன்று.

"நேத்து அங்க நின்னவங்க நீங்கதானுங்களே?"

பூபதி பின்னால் நின்றிருந்தார். மெலிந்த ஆள். மீசை நரைத்திருந்தது. சட்டையைக் கழுத்துப் பொத்தான் வரை போட்டிருந்தார். கையிலிருந்த பழந்துணியால் விரல்களை ஒவ்வொன்றாகத் துடைத்துக்கொண்டிருந்தார். "அவங்களுக்கு ஏதாவது பிரச்சினைங்களா?"

"அதை நான் பேசக் கூடாது." ஃபரீதா கூண்டைக் காட்டினார். "இது இருக்கறப்ப நீங்க ஏன் தெருவைத் தாண்டிப் போறீங்க?"

பூபதி துடைப்பதை நிறுத்தினார்.

"இது வர்றதுக்கு முன்னாடியே அங்க போயிட்டிருந்தேனுங்க. இது வந்த அன்னிக்கு உள்ள போனேன். பதினஞ்சு செகண்டு. கதவு திறந்துக்குச்சு. வெளிய வந்து நின்னேன். எல்லாரும் வண்டிய எடுத்துட்டுக் கிளம்பறாங்க. எனக்கு என்ன பண்றதுன்னு தெரியல." அவர் தரையைப் பார்த்தார். "அடுத்த நாள் அங்கயே போயிட்டேன். எங்க மொதலாளி இன்னும் கூண்டு போடலைன்னு அவங்ககிட்டச் சொல்லி வெச்சிருக்கறேன்."

"ரெண்டு வருஷமாவா?"

"ஆமாங்க."

"மத்தவங்களுக்கு இருபது விநாடி. உங்களுக்கு நாலு நிமிஷம்."

"காலர் மடிப்பு வரைக்கும் விரிச்சுப் பாத்து ஊதுவாங்க. அப்ப பேசிட்டிருப்போம். காத்துச் சத்தத்துல அவங்க சொல்றது எனக்குக் கேக்காது, நான் சொல்றது அவங்களுக்குக் கேக்காது. இருந்தாலும் பேசுவோமுங்க." நிமிர்ந்தபோது அவர் முகம் மாறியிருந்தது. தான் சொன்னதையே அவர் இப்போதுதான் கேட்டிருக்க வேண்டும். "அந்தக் காத்துல போறதெல்லாம் எங்கீங்க போகும்? அவங்க மூஞ்சிக்குத்தானே."

ஃபரீதா பெட்டியை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றினார்.

"நான் குடுத்தது எவ்வளவுங்க?"

சொல்லக் கூடாது என்றுதான் ஃபரீதா வந்திருந்தார். ஆனால் இந்த மனிதர் இன்று மாலையும் தெருவைத் தாண்டிப் போவார் அல்லது எதுவும் சொல்லாமல் போவதை நிறுத்திவிடுவார். இரண்டுமே ஃபரீதாவுக்குச் சரியாகப் படவில்லை.

"ஒன்பது" என்றார்.

பூபதி தலையை ஆட்டினார். ஓர் அளவைச் சரிபார்த்துக்கொள்வதுபோல மறுபடி ஒருமுறை ஆட்டினார்.

"அவங்க தாண்டிட்டாங்களா?"

"தாண்டிட்டாங்க."

"திருப்பி எடுத்துக்க வழி இருக்குதுங்களா?"

ஃபரீதா படிவத்தை எடுத்துக் கொடுத்தார். அவர் அங்கேயே நின்று இரண்டு பக்கத்தையும் நிதானமாகப் படித்தார். அவருடைய பட்டையைப் பெட்டியில் செருகிப் பார்த்தார்கள். அதே தொண்ணூற்றொன்று.

"கையெழுத்துப் போட்டா உங்க அட்டை மூடிரும். திரும்பத் திறக்காது. முப்பத்தொரு வருஷமா லேத்துல நிக்கறீங்க. ஒரு வாரம் யோசிக்கலாம்."

"அவங்களுது மூடாதில்லீங்களா?"

"மூடாது."

"கை எண்ணெயா இருக்குது. கழுவிட்டு வந்தர்றேன்" என்றார் பூபதி. குழாயடியில் சோப்புப் போட்டு முழங்கை வரை கழுவினார். ஈரம் போகும்வரை காற்றில் ஆட்டிக் காயவைத்தார். வந்து கையெழுத்துப் போட்டார்.

"இதுல காரணம்னு ஒரு கட்டம் இருக்குதுங்களே."

"உங்க வார்த்தையில எழுதுங்க."

பேனாவைக் கட்டத்தின்மேல் வைத்தபடி வெகுநேரம் நின்றார். பிறகு எழுதியதை ஃபரீதா தலைகீழாகவே படித்தார். *கூண்டு இருந்தது. நான் போகவில்லை.*

படிவத்தின் நகலைச் சுகந்தியிடம் நேரில் கொடுக்க வேண்டும் என்பது விதி. ஃபரீதா அன்று மாலையே கொடுத்தார். சுகந்தி முதலில் எண்களைப் பார்த்தார். அடுத்துக் கையெழுத்து. கடைசியாகக் காரணம் என்ற கட்டம்.

"பேசமாட்டேன்னு சொன்னீங்க."

"சொன்னேன்."

"சொல்லிருக்கக் கூடாது மேடம்."

"ஆமா. கூடாதுதான்."

சுகந்தி காகிதத்தை மேசையில் வைத்துவிட்டு ஒரு ஷாஃப்ட்டை எடுத்து அளந்தார். எண்ணைக் குறிக்காமல் அதையே மறுபடி அளந்தார். மூன்றாவது முறையும் அளந்துவிட்டுக் கீழே வைத்தார்.

"ரெண்டு வருஷமாவா இருக்குது கூண்டு?"

"2045 ஜனவரியில போட்டிருக்காங்க."

"வாரம் தவறாம கேட்டேனுங்க. எப்பத்தான் போடுவாரு உங்க மொதலாளின்னு. அடுத்த மாசம்பாரு. அதுக்கடுத்த மாசம்பாரு. அந்த மனுசனை நான் எவ்வளவு திட்டிருக்கறேன் தெரியுங்களா? ஒரு தடவை கோயில்ல பாத்து மூஞ்சியத் திருப்பிட்டு வந்தேன். பாவம், அவரு என்னன்னு நெனச்சிருப்பாரு." பாதிச் சிரிப்பில் குரல் உடைந்தது. "இதை ரத்து பண்ண முடியாதுங்களா?"

"பதினஞ்சு நாளைக்குள்ள அவர் எழுதிக் குடுத்தா முடியும்."

"எழுதமாட்டாரு."

"நீங்க போய்ச் சொல்லிப் பாருங்க."

"சொல்லத்தான் போறேன். மொதல்ல திட்டணும். அப்பறம் சொல்றேன்." கையுறையைக் கழற்றி மடித்து வைத்தார். மணி அடிக்க இன்னும் கால் மணி நேரம் இருந்தது. இருபத்தேழு வருடத்தில் அவர் முன்னதாகக் கிளம்பிப் போனதை அன்றுதான் பார்த்ததாக மகுடேஸ்வரன் பிற்பாடு சொன்னார். அன்று சந்தில் ஆட்கள் ஒருவர் முதுகை ஒருவர் ஊதிக்கொண்டார்கள்.

ரத்துக் கடிதம் வரவில்லை. மார்ச் 6-ஆம் தேதி பூபதியின் அட்டை மூடப்பட்டது. ஃபரீதாவின் அறிக்கையில் பட்டறைக்கு ஒரு பரிந்துரை இருந்தது. ஏப்ரல் கடைசியில் ஜெயபிரகாஷ் கம்ப்ரஸர் அறைக்குப் பின்னால் இருந்த சந்தை அடைத்து, ஒரு கூண்டு போட்டு, சட்டை மாற்றிக்கொள்ள இரண்டு அறைகளும் கட்டினார்.

பூபதிக்கு ஐம்பத்து நான்கு வயது. இரண்டு மாதம் வேலை தேடினார். சுந்தராபுரத்தில் ஒரு பேக்கரியில் மாவு பிசையும் இயந்திரத்தில் நிற்க ஆள் வேண்டும் என்றார்கள். இயந்திரம் ஓட்டத் தெரியுமா என்று கேட்டார்கள். தெரியும் என்று சொன்னார்.

மே 21-ஆம் தேதி ஃபரீதா மறுபடி பட்டைகளைப் படிக்க வந்தார். நாற்பத்திரண்டு பட்டைகள். சுகந்தியினுடையது தொண்ணூற்றைந்தில் நின்றிருந்தது. இருபத்திரண்டு முத்திரைகளும் ஏப்ரலோடு படுத்துவிட்டிருந்தன. இருபத்து மூன்றாவது இல்லவே இல்லை. அதற்குக் கீழே, மே மாதத்துக்கு மட்டும், பெட்டி தானாக ஒரு வரி சேர்த்திருந்தது. எண்ணெய் அல்லாத ஏதாவது தினந்தோறும் ஒரே நேரத்தில் மூச்சில் சேர்ந்தால் அப்படிச் சேர்க்கும். நேரம், வேலை முடிந்து சுகந்தி வீடு போய்ச் சேருகிற நேரம்.

ஃபரீதா கண்ணாடி வழியே பார்த்தார். சுகந்தி குனிந்து அளந்துகொண்டிருந்தார்.

அறிக்கையில் அவர் எழுதியது இது: பிற துகள், கோதுமை மாவு. தினமும். வரம்புக்கு மிகக் கீழே. நடவடிக்கை தேவையில்லை.